வேஷமும் சுபாவமும்: தூத்துக்குடிச் சீமை தந்த நாடக மரபு

இரவு உணவை முடித்துத் தொலைக்காட்சியின் முன் அமர்கின்ற குடும்பத்தார், தொடரில் வரும் மூத்த மருமகள் பொறுமைசாலி என்றும், நாத்தனார் சூழ்ச்சிக்காரி என்றும், வீட்டுக்குப் பெரியவர் சினத்தைத் தவிர வேறொன்றும் அறியாதவர் என்றும் பிரித்துப் பேசி, அதே மூச்சில் 'நம் சின்னக்காகூட அவளைப் போலத்தான்' என்று உற்றார் உறவினரையும் அந்தப் பிரிவுகளுக்குள் அமர்த்திப் பார்ப்பது இன்று சர்வசாதாரணமான வழக்கமாகிவிட்டது. படித்த இளைஞர்களோ இன்னும் ஒரு படி மேலே சென்று, மேல்நாட்டார் வகுத்த பதினாறு சுபாவ வகைகளுள் எந்தப் பாத்திரம் எதனைச் சேரும் என்று மணிக்கணக்காக வாதிக்கிறார்கள். இது நேற்று முளைத்த பொழுதுபோக்கு என்று கருதுவோர் உண்டு. அக்கருத்து எனக்கு உடன்பாடன்று. பாத்திரங்களைச் சுபாவம் பற்றிப் பகுப்பதையே தொழில் முறையாகவும், ஜீவனோபாயமாகவும், ஒருவகை எழுதாத இலக்கணமாகவும் கொண்ட நாடக மேடை ஒன்று நம் நாட்டில் நூறாண்டுக்கு மேலாக வாழ்ந்து வருகிறது. அதற்கு உயிரும் உருவமும் அளித்த பெருமகனார் தூத்துக்குடிச் சீமையிலே பிறந்தவர்.

தரம் பிரிப்பது இந்தக் கடற்கரைக்குக் கைவந்த கலை. முத்துக் குளிப்பு நடந்த காலத்தில், சிப்பியினின்று எடுத்த முத்துகளைத் துளையிட்ட பித்தளைப் 'பெட்டி'களில் ஒன்றன்பின் ஒன்றாகச் சலித்து, பருமன் பற்றிப் பிரிப்பார்கள். அத்துடன் வேலை முடிந்துவிடாது. ஒரே பெட்டியில் தங்கிய முத்துகளையும் வெள்ளைத் துணியில் பரப்பி, வடிவமும் ஒளியும் நோக்கி, ஆணி, அணித்தாரி, கையேறல், மடங்கு, குறுவல், கடைசியில் தூள் என்று கண்ணாலேயே வகைப்படுத்துவார் வியாபாரி. சல்லடை பருமனைச் சொல்லும். முத்தின் மதிப்பைச் சொல்லாது. 1961-ஆம் ஆண்டுக்குப் பின் அந்தக் குளிப்பு இங்கு நடைபெறவில்லை. ஆயினும் அந்த இரண்டு படிகளும், அதாவது முதலில் சல்லடையும் பிறகு கண்ணும், இந்தக் கட்டுரை நெடுகிலும் என் நினைவில் நிற்கின்றன. ஏனெனில் நாடக மேடையிலும் இவ்விரண்டுக்கும் வேலை இருந்தது.

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், தமிழ்ப் புலமை மிக்க தந்தையாரிடம் முதற்பாடம் கேட்டு, பின்னர்ப் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கண இலக்கியம் பயின்று, இளமையிலேயே வெண்பாவும் கலித்துறையும் சரளமாக இயற்றும் ஆற்றல் பெற்றிருந்தும், வயிற்றுப்பாட்டுக்காகத் தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். சந்தம் பிசகாது பாடத் தெரிந்த ஒருவர் உப்பு மூட்டைகளின் கணக்கை வரிவரியாக எழுதி ஆண்டுகளைக் கழித்தார் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. இருபத்து நான்காம் வயதில் அந்தக் கணக்கேட்டை மூடிவைத்துவிட்டு நாடக சபையில் சேர்ந்தார். பின்னர்ப் புதுக்கோட்டையில் கஞ்சிரா வித்துவான் மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் பிள்ளையாகவே பாவித்து ஆதரித்தார். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், சதி சுலோசனா என்று அவர் எழுதிக் குவித்த நாடகங்கள் இன்றைக்கும் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கின்றன. மாதா பக்தி மிகுந்த இக்கடற்கரைக்கு மிகவும் நெருங்கியதான ஞானசௌந்தரி கதையையும் அவர் நாடகமாக்கினார். மாற்றாந்தாயின் கொடுமையால் கைகளை இழந்து, மாதாவின் அருளால் அவற்றை மீளப் பெறும் அந்தப் பெண்ணையும், அவளைக் காட்டுக்கு அனுப்பிய சிற்றன்னை லேனாளையும், இன்றைய தொடர்களில் வேறு புடைவை உடுத்து நடமாடக் கண்டு நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

அந்த மேடையில் வேஷங்களுக்கு வகுப்பு உண்டு. அரசனும் தெய்வமும் காதலனுமாக வருபவர் ராஜபார்ட். நாயகியாக வருபவர் ஸ்திரீபார்ட். திருடனாகவும் முரடனாகவும் வருபவர் கள்ளபார்ட். சிரிப்பு மூட்டுபவர் பபூன். அவரோடு ஆடிப் பாடி வாதாடும் பெண் டான்ஸ். தலைமை வேஷக்காரருக்கு 'அயன்' என்ற அடைமொழி உண்டு. நாடக நோட்டீஸில் 'அயன் ராஜபார்ட்' என்று அச்சிடப்படுவதைப் பெறுவதற்கு ஒரு நடிகர் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்கும். நிரந்தரமான சபை ஏதுமின்றி நடிகர்களைத் தனித்தனியே அமர்த்தும் ஸ்பெஷல் நாடகத்தில் இந்தப் பகுப்பின் பயன் முழுவதும் வெளிப்படுகிறது. மதுரையிலிருந்து ஒருவர், திண்டுக்கல்லிலிருந்து ஒருவர், புதுக்கோட்டையிலிருந்து ஒருவர் என்று பஸ் ஏறி வந்து, பொழுது சாய்ந்தபின் ஊர்ப் பொட்டலில் இறங்கி, ஓலைத் தடுப்புக்குப் பின்னால் கைக்கண்ணாடியைச் சாய்த்துவைத்து அரிதாரம் பூசிக்கொண்டே, 'இன்றைக்கு வள்ளி யார், நாரதர் யார்' என்று விசாரித்துக்கொள்கிறவர்கள், ஒத்திகை என்பதே இல்லாமல், ஆர்மோனியத்தின் சுருதியைப் பிடித்துக்கொண்டு எட்டு மணி நேர நாடகத்தை நடத்தி முடிக்கிறார்கள். முதலில் பபூன் தனியே தோன்றிக் கூட்டத்தைச் சிரிக்க வைப்பார். பின் டான்ஸ் வருவார். நள்ளிரவுக்குப் பக்கத்தில்தான் கதை தொடங்கும். வேலனும் வள்ளியும் செய்யும் தர்க்கம் சூடேறி விடியலை எட்டும். முன்பின் அறியாத இருவர் ஒருவரையொருவர் பாட்டால் மடக்குவது எப்படிச் சாத்தியம் என்றால், வள்ளியின் சுபாவம் இன்னது, வேடனாய் வந்த முருகனின் சுபாவம் இன்னது என்பதை இருவரும் சிறு வயது முதலே ஐயந்திரிபற அறிந்திருக்கிறார்கள். அந்த அறிவே அவர்களுக்கு ஒத்திகை.

இதற்குச் சாஸ்திர ஆதாரமும் உண்டு. தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியலையும், நாயகனைத் தீரோதாத்தன், தீரோத்ததன், தீரலலிதன், தீரப்பிரசாந்தன் என்று நால்வகைப்படுத்திய வடமொழி நாடக நூல்களையும் யாவரும் அறிவர். பரிதிமாற் கலைஞர் 1897-இல் வெளியிட்ட நாடகவியலில் பாத்திர லட்சணத்தைத் தமிழ்ச் செய்யுளால் விளக்க முயன்றார். ஆனால் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்வது விபுலாநந்த அடிகள் 1926-இல் வெளியிட்ட மதங்க சூளாமணிதான். ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் வரும் மாந்தர்களையும் நிகழ்ச்சிகளையும் நம் மெய்ப்பாடுகளின் வழியே நோக்கும் அந்நூல், இளைஞர்கள் இன்று பொழுதுபோக்காகச் செய்வதைப் பேரறிவோடும் பொறுப்போடும் செய்து காட்டிய முயற்சியாகும். மேல்நாட்டிலும் இந்த நாட்டம் பழமையானதே. அரிஸ்டாட்டிலின் மாணாக்கர் தியோபிராஸ்டஸ் முகஸ்துதிக்காரன், வாயாடி, கஞ்சன் என்று முப்பது மனித வகைகளைச் சித்திரித்தார். சுவிட்சர்லாந்தின் கார்ல் யுங் 1921-இல் சுபாவ வகைகளைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். அதனை அடியொற்றி அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸ் என்ற தாயும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும் பதினாறு வகைகளை அமைத்தனர். அந்த மகள் துப்பறியும் நாவல் எழுதிப் பரிசு பெற்றவர் என்பது பலருக்குத் தெரியாது. கற்பனை மாந்தரைப் படைத்துப் பழகிய கையே உண்மை மனிதரை வகுக்கவும் முற்பட்டது என்பதில் எனக்கு வியப்பில்லை.

சங்கரதாஸ் சுவாமிகள் முதலில் நடிகராகவே விளங்கினார். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் ஆகிய உக்கிர வேஷங்களே அவருக்கு வாய்த்தன; கம்பீரமான சரீரமும் இடிக்குரலும் அவரை அந்தப் பிரிவில் தள்ளின என்று சொல்லலாம். அவருடைய மாணவர் தி. க. சண்முகம் எழுதிவைத்திருக்கும் செய்தி ஒன்று உண்டு. நளதமயந்தி நாடகத்தில் சனீஸ்வரனாக நடித்த சுவாமிகள், ஆட்டம் முடிந்து விடியற்காலையில், வேஷத்தைக் கலைப்பதற்காக அப்படியே நீர்த்துறைக்குச் சென்றாராம். கரிய மேனியும் கோர ரூபமுமாக அரையிருளில் வந்த அவரைத் துணி துவைக்க வந்திருந்த பெண்ணொருத்தி திடீரென்று கண்டு, அலறி விழுந்து, அங்கேயே உயிர் துறந்தாள். மற்றொரு முறை அவர் எமனாகப் பாசக்கயிற்றை வீசி ஆர்ப்பரித்து மேடையில் பாய்ந்தபோது, சபையில் இருந்த கர்ப்பிணி ஒருத்திக்குக் கருக்கலைந்தது. இவற்றால் மனம் உடைந்த சுவாமிகள் வேஷம் கட்டுவதையே கைவிட்டு, சூத்திரதாரராகவும் ஆசிரியராகவும் மட்டுமே இருப்பதென்று உறுதி பூண்டார். அந்தப் பெண்களை அறியாதவர்கள் என்று தள்ளிவிடுவது நியாயமன்று. சனீஸ்வரனைக் காட்டியவர் சனீஸ்வரனாகவே தோன்றினார் என்பது கலையின் வெற்றி. அந்த வெற்றி உப்புக் கணக்கு எழுதிய ஒரு சாது மனிதரின் முகத்தை முழுவதும் மறைத்துவிட்டது என்பதே அதில் உள்ள துயரம்.

மேடையை விட்டு இறங்கியவர் மேடைக்கு ஆளாக்கும் பணியை மேற்கொண்டார். 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபையை அமைத்தார்; 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்களுக்குப் பாடமும் பாட்டும் நடிப்பும் கற்பித்தார். இங்கேதான் சல்லடைக்கு மேல் கண் வேலை செய்தது. இன்று ஸ்திரீபார்ட் கட்டுகிற பையனுக்கு மகரக்கட்டு உடைந்தால் நாளைக்கு அந்த வேஷம் இல்லை; ஆகையால் வேஷம் சாசுவதம் என்று எந்த உபாத்தியாயரும் எண்ண முடியாது. எந்தப் பையன் இன்றைக்கு எதற்குத் தகுந்தவன், நாளைக்கு எதுவாக வளரக்கூடும் என்று நாள்தோறும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சிறுவன் சண்முகத்தின் திறமையைக் கண்டு, அவனுக்கென்றே அபிமன்யு சுந்தரி நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக ஒரே இரவில் சுவாமிகள் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் எல்லோரும் சொல்லி மகிழும் செய்தி. பாத்திரத்துக்கு ஆள் தேடுவது எல்லோரும் செய்வது. ஆளைப் பார்த்துப் பாத்திரத்தை எழுதிய பெருந்தன்மையை வேறு எவ்விதம் புகழ்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வேஷத்தின் வகுப்பு சில சமயம் கவசமாகவும் பயன்பட்டது. விஸ்வநாததாஸ் என்னும் தேசபக்த நடிகர், வள்ளி திருமணத்தில் வேலனாகவும் பிற நாடகங்களில் புராண புருஷர்களாகவும் வந்து, கதைப் பாட்டுக்கு நடுவே வெள்ளையராட்சியைச் சாடிப் பாடினார். போலீசார் பலமுறை அவரைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். வெளியே வந்ததும் மறுபடியும் அதே முருகனாக மேடை ஏறினார். 1940-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் சென்னையில், முருகனாக மயிலின் மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையிலேயே அவருடைய ஆவி பிரிந்தது.

பாத்திரத்தின் பெயரை நடிகருக்கே சூட்டிவிடுவதில் தமிழருக்கு ஈடு தமிழரே. நவாபாக நடித்த ராஜமாணிக்கம் நவாப் ராஜமாணிக்கம் ஆனார். மராட்டிய மன்னனாக நடித்த கணேசன் பெரியாரின் வாயால் சிவாஜி கணேசன் ஆனார். கள்ளபார்ட் என்ற வகுப்பின் பெயரே நடராஜன் என்னும் நடிகருக்கு முன்பெயராயிற்று. தொலைக்காட்சி வந்த பின்னும் இது மாறவில்லை. 1987-இல் இராமாயணத் தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியபோது இராமனாக நடித்தவரை மக்கள் இராமனாகவே கண்டு கும்பிட்டார்கள். எதிர்நீச்சல் தொடரில் ஆதி குணசேகரன் என்னும் ஆணாதிக்கப் பெரியவராக நடித்த மாரிமுத்து, திரைப்பட இயக்குநர், நூல்களில் தோய்ந்தவர். 2023-இல் அவர் மறைந்தபோது வீடுதோறும் பேசப்பட்டது பெரும்பாலும் குணசேகரனைப் பற்றித்தான். இப்படி நேர்வது நடிகருக்குப் பெருமையே ஆயினும், அந்த மனிதரின் பிற ஆற்றல்கள் நம் கண்ணுக்குத் தப்பிவிட்டனவே என்ற வருத்தமும் எனக்கு உண்டு.

1921-இல் பக்கவாதம் சுவாமிகளின் கைகால்களோடு பேச்சையும் முடக்கிற்று. பாடம் சொல்லிக்கொடுத்த வாய் அடங்கிய பிறகும் அவர் சிறுவர்களோடேயே இருந்தார். 1922 நவம்பர் 13-ஆம் நாள் புதுச்சேரியில் காலமானார். அவர் அபிமன்யு எழுதிக்கொடுத்த சண்முகம் வளர்ந்து, தம் சகோதரர்களோடு சொந்த நாடக சபை நடத்தி, கூன் விழுந்த முதுகும் நடுங்கும் குரலுமாக ஔவையார் வேஷம் கட்டி, அந்த வேஷத்தாலேயே அவ்வை சண்முகம் என்று பெயர் பெற்றார். வீரச் சிறுவனான அபிமன்யுவுக்கும் தமிழ் மூதாட்டிக்கும் இடையே எந்தச் சுபாவ அட்டவணையும் பாலம் போடாது. அதே ஔவையாரை 1953-இல் ஜெமினி நிறுவனம் திரைப்படமாக்கியபோது நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள், அவரோ 1935-இல் ஆண் வேஷம் பூண்டு நந்தனாராகத் திரையில் தோன்றியவர், அந்தப் படத்துக்காக ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்று நாட்டையே பேசவைத்தவர். ஆணொருவர் கிழவியாகவும், பெண்ணொருத்தி நந்தனாராகவும் வந்து நின்றபோது, ரசிகர்கள் இருவருக்கும் கண்ணீர் சிந்தினார்கள். இவர்கள் எந்தப் பிரிவினர் என்று ஒருவரும் கேட்கவில்லை.