கொள்ளையர், காவலர், மீட்பர்

2009 ஏப்ரலில், நண்பர்கள் சிலர் கூடியிருந்த ஒரு மாலையில், சோமாலியக் கடற்கொள்ளையைப் பற்றி நான் தீர்மானமாக ஓர் அபிப்பிராயம் சொன்னேன். அதை இப்போது திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ‘மெர்ஸ்க் அலபாமா’ கப்பலின் தலைவரைப் பிணையாக வைத்திருந்த மூன்று சோமாலியர்களை அமெரிக்கக் கடற்படையினர் சுட்டுக் கொன்ற சமயம் அது. “அவர்கள் கொள்ளைக்காரர்கள் இல்லை, தங்கள் கடலைக் காக்கிறவர்கள், கொள்ளையடித்தது ஐரோப்பா” என்றேன். யாரும் மறுக்கவில்லை. மறுப்பு வராததையே நான் சொன்னது சரி என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டேன். சோமாலியர்கள் தங்களுக்குள் இதைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தூரத்து மக்களை நம்முடைய கோபத்துக்குப் படிமமாக்கிக்கொள்ளும் பழக்கம் எழுதுகிறவர்களுக்கு உண்டு. படிமம் எதிர்த்துப் பேசாது என்பது அதில் உள்ள சௌகரியம்.

நான் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சோமாலியர்களில் பெரும்பான்மையோர் மேய்ச்சல் மரபில் வந்தவர்கள். ஒட்டகத்தைப் பாடிய கவிதைக்கு அவர்கள் மொழியில் அளவில்லை. மீன் தின்கிறவன் என்பதோ மேய்ப்பர்களிடையே வசைச்சொல். 3000 கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை இருந்தும் கடல் அவர்களுடைய தேசப் பிரக்ஞையின் ஓரத்திலேயே இருந்துவந்தது. 1974-75 பஞ்சத்தில் மந்தைகள் மடிந்தபோது முகம்மது சியாத் பாரேயின் அரசு, சோவியத் உதவியுடன், பெருந்தொகையான நாடோடிகளை இடம் மாற்றிக் குடியமர்த்தியது. அவர்களில் ஒரு பகுதியினர் கடற்கரைக் குடியிருப்புகளில் இறக்கப்பட்டு மீன் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். 1991 ஜனவரியில் பாரே தலைநகரை விட்டு ஓடினார். அரசு என்ற ஒன்று இல்லாமல் போயிற்று. கடலுக்கு இருந்த காவலும் அதோடு போயிற்று.

காவலற்ற கடலுக்குள் அந்நிய விசைப்படகுகள் வந்தன - ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும், பக்கத்திலுள்ள யேமனிலிருந்தும். சூரையையும் சிங்கி இறாலையும் அள்ளிக்கொண்டு போயின. உள்ளூர் மீனவர்களின் வலைகளை அறுத்தார்கள், நெருங்கினால் வெந்நீரை ஊற்றினார்கள் என்று கரையோர மக்கள் சொல்லிவந்திருக்கிறார்கள். 1992-லேயே, ஐரோப்பியக் கம்பெனிகள் நச்சுக் கழிவை சோமாலியாவில் கொட்டுவதற்கு ஒப்பந்தம் போட்டிருப்பதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் தலைவர் பகிரங்கமாகச் சொன்னார். 2004 டிசம்பர் 26 அன்று காலையில் நாகப்பட்டினத்தைத் தாக்கிய அதே அலை, சில மணி நேரத்தில் இந்து மகாசமுத்திரத்தைக் கடந்து ஹாஃபுன் கரையில் மோதியது. சோமாலியாவில் ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். கரையோரம் கொட்டப்பட்டிருந்த கழிவுக் கலங்களை அலை உடைத்துச் சிதறடித்ததென்றும், அதன்பின் மக்களுக்கு விநோதமான நோய்கள் கண்டனவென்றும் வந்த புகார்களை 2005-ல் ஐ.நா. அறிக்கை பதிவுசெய்து, முழு விசாரணை வேண்டுமென்று கேட்டது.

ஆயுதம் ஏந்திய சில மீனவர்கள் முதலில் அந்நியப் படகுகளைப் பிடித்து ‘அபராதம்’ வசூலித்தார்கள். சோமாலியாவில் பிறந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த பாடகர் கேநான், தங்கள் மக்கள் கொள்ளையரை ஏன் கண்டிக்கத் தயங்குகிறார்கள் என்று 2009-ல் ஒரு கட்டுரை எழுதினார். மீனையும் கழிவையும் பற்றிப் பேசாமல் கொள்ளையை மட்டும் பேசுகிறவர்களிடம் அவருக்கு இருந்த கோபம் நியாயமானது. இந்த அத்தியாயம் வரை படித்துவிட்டுத்தான் நான் அந்த மாலையில் பேசினேன்.

அடுத்த அத்தியாயம் ஒரு சொல்லில் தொடங்குகிறது. கொள்ளையர் தங்களைக் கடற்காவலர் என்று சொல்லிக்கொண்டார்கள். சோமாலி மொழியில் அவர்களுக்கு வழங்கிய பெயர் ‘புர்ஆத் பதீத்’. புர்ஆத் என்றால் வழிப்பறிக் கூட்டம். பத் என்றால் கடல். கடலில் வழிப்பறி செய்கிறவர்கள் என்று ஊரே அழைத்திருக்கிறது. நான் தந்த பட்டத்தை அவர்களுடைய சொந்த மொழி தரவில்லை.

தராததற்குக் காரணங்கள் இருந்தன. விசைப்படகுகளை விட்டுவிட்டு, அந்தக் கரையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத சரக்குக் கப்பல்களைப் பிடிக்கத் தொடங்கிய பிறகு ‘காவல்’ என்ற சொல் வெறும் தோரணமாகிவிட்டது. விசைப்படகுகளின் கதையும் நேரானதாக இல்லை. அந்நியருக்கு மீன்பிடி உரிமத்தை விற்றவர்களில் சோமாலிய யுத்தப் பிரபுக்களும் பிராந்திய அதிகாரிகளும் இருந்தார்கள். பணம் எங்கே போயிற்று என்பதற்கு உலக வங்கி 2013-ல் ஒரு கணக்குக் கொடுத்தது. 2005-லிருந்து 2012 வரை 179 கப்பல்கள் பிடிபட்டன, மீட்புப்பணம் 33.9 கோடியிலிருந்து 41.3 கோடி டாலர்வரை. அதில் 30-லிருந்து 75 சதவீதம் முதல் போட்டவர்களுக்குப் போயிற்று. கப்பலில் ஏறியவனுக்கு ஒன்றிரண்டு சதவீதம். அதிலும் கடனுக்கு வாங்கி மென்ற காத் இலைக்கும் சோற்றுக்கும் கழித்துக்கொண்டார்கள். கூலிக்கு ஆள் பிடித்து லாபத்தை வேறிடம் கொண்டுபோகும் இந்த ஏற்பாட்டில் புரட்சி எதையும் என்னால் காண முடியவில்லை.

பிணையாளிகளைப் பற்றியும் அந்த மாலையில் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களில் பெரும்பாலோர் இந்தியா, பிலிப்பைன்ஸ், பாகிஸ்தான், வங்காளதேசம், இலங்கை போன்ற நாடுகளிலிருந்து மாதச் சம்பளத்துக்குக் கப்பலேறியவர்கள். ‘ஐஸ்பெர்க் 1’ கப்பலின் மாலுமிகள் 2010 மார்ச்சிலிருந்து 2012 டிசம்பர் வரை, ஏறத்தாழ ஆயிரம் நாள், பிடிபட்டுக் கிடந்தார்கள். ‘ஆஸ்ஃபால்ட் வென்ச்சர்’ கப்பலுக்குப் பணம் கொடுத்த பிறகும், இந்தியச் சிறையிலிருந்த தங்கள் ஆட்களுக்கு ஈடாக ஏழு இந்திய மாலுமிகளைக் கொள்ளையர் நிறுத்திக்கொண்டார்கள். ஐரோப்பாவின் பாவத்துக்கு இவர்கள் எந்த வகையில் பொறுப்பு?

சோமாலியர்களே இதையெல்லாம் பேசினார்கள், பேசியதோடு நிற்கவுமில்லை. புன்ட்லாந்தின் ஏய்ல் ஊர் ஒரு காலத்தில் கொள்ளையரின் துறைமுகம் என்றே பெயர் வாங்கியது. அங்கே குலப் பெரியவர்களும் பள்ளிவாசல் இமாம்களும் 2009 வாக்கில் அவர்களுக்கு எதிராகத் திரும்பினார்கள். இந்தப் பணம் ஹராம். சந்தையில் விலை ஏறிவிட்டது. குடியும் காத்தும் விபசாரமும் ஊருக்குள் வந்துவிட்டன. பையன்கள் பெரியவர்கள் சொல் கேட்பதில்லை - இவை அவர்கள் அடுக்கிய குற்றங்கள். கொள்ளையை விட்டுவிட்டதாகப் பலர் ஊரார் முன்னால் உறுதி சொன்னார்கள். நாளடைவில் கொள்ளையர் தெற்கே ஹோப்யோ, ஹரார்தேரே பக்கம் நகர வேண்டியதாயிற்று.

அந்தத் தெற்குக் கரையில் முன்பே ஒன்று நடந்திருந்தது. 2006 ஜூனில் மொகதிஷுவைக் கைப்பற்றிய இஸ்லாமிய நீதிமன்றங்களின் ஒன்றியம், ஆகஸ்டில் ஹரார்தேரேயையும் ஹோப்யோவையும் பிடித்துக் கொள்ளையை அடக்கியது. அந்த ஒன்றியத்தின் கெடுபிடிகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கொள்ளை குறைந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். டிசம்பரில், அமெரிக்க ஆதரவோடு, எத்தியோப்பிய ராணுவம் புகுந்து ஒன்றியத்தைக் கலைத்தது. அடுத்த இரண்டு வருஷங்களில் கொள்ளை முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் பெருகியது. ஒன்றியத்தின் தலைவராயிருந்த ஷேக் ஷரீஃப் அகமது 2009 ஜனவரியில் அதே அந்நியர்களின் அங்கீகாரத்தோடு நாட்டின் ஜனாதிபதியானார். மொகதிஷுவின் சாமானியன் ஒருவன் இந்த வரிசையைப் பார்த்து என்ன முடிவுக்கு வருவான் என்று யோசித்துப் பார்க்கலாம்.

2008 ஜூனில் ஐ.நா. பாதுகாப்புச் சபை 1816-ஆம் தீர்மானத்தின் மூலம் சோமாலியக் கடலெல்லைக்குள் நுழைய அந்நியக் கப்பல்களுக்கு அனுமதி கொடுத்தது. டிசம்பரில் 1851-ஆம் தீர்மானம் நிலத்தில் இறங்கவும் அனுமதித்தது. சோமாலிய இடைக்கால அரசு இதற்குச் சம்மதித்தது. தன் தலைநகரையே ஆள முடியாத ஓர் அரசின் சம்மதம் அது. கொள்ளையரைச் சபித்த அதே பெரியவர்களும் இந்தச் செய்தியைக் கேட்டுக் கலங்கினார்கள். வெளியுலகுக்கு இது முரணாகப் பட்டது: கொள்ளை வேண்டாமென்றால் அதை ஒழிக்க வருகிறவனை வரவேற்க வேண்டாமா?

‘மீட்க’ வந்தவர்களை அவர்கள் முன்பே பார்த்திருந்தார்கள் என்பது என் பதில். 1992 டிசம்பரில் பஞ்சம் தீர்க்க வந்த அமெரிக்கச் சிப்பாய்களைப் பலர் மனதார வரவேற்றார்கள். அப்போது வந்த உணவு பல உயிர்களைக் காத்ததும் உண்மை. 1993 மார்ச்சில் கனடியச் சிப்பாய்கள் ஒரு பதினாறு வயதுப் பையனை முகாமுக்குள் அடித்தே கொன்றார்கள். ஜூனில் பாகிஸ்தானிய அமைதிப்படையினர் 24 பேர் கொல்லப்பட்டார்கள். ஜூலை 12 அன்று மொகதிஷுவில் குலப் பெரியவர்கள் கூடியிருந்த ஒரு வீட்டை அமெரிக்க ஹெலிகாப்டர்கள் ஏவுகணைகளால் தாக்கின; செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்கில் 54 பேர் இறந்தார்கள். அக்டோபரில் நடந்த சண்டையில் செத்த 18 அமெரிக்கர்களைப் பற்றி சினிமா வந்தது. அதே சண்டையில் செத்த நூற்றுக்கணக்கான சோமாலியர் அதில் குறி தவறாமல் விழும் உருவங்கள். இன்னும் பின்னே போனால், 1920-ல் பிரிட்டிஷ் விமானங்கள் தலேஹ் கோட்டையில் குண்டு போட்டது நினைவில் இருக்கிறது. கோட்டைக்குள் இருந்தவர் சய்யித் முகம்மது அப்துல்லா ஹசன். பிரிட்டிஷார் ‘பைத்தியக்கார முல்லா’ என்றார்கள். சோமாலியர் இன்றும் பெருங்கவிஞர் என்கிறார்கள், அவரோடு சண்டையிட்ட குலங்களைச் சேர்ந்தவர்களும்கூட.

போர்க்கப்பல்கள் வந்தன. சரக்குக் கப்பல்கள் ஓரளவு பத்திரமாகப் போயின. சட்டவிரோத மீன்பிடிப்பைத் தடுக்கும் அதிகாரம் அவற்றுக்குத் தரப்படவில்லை. உள்ளூர் மீனவன், தன்னைக் கொள்ளையன் என்று நினைத்துவிடுவார்களோ என்று கடலுக்குப் போகத் தயங்கினான். 2008 நவம்பரில் இந்தியக் கடற்படையின் ‘தபார்’ மூழ்கடித்த கொள்ளையர் படகு, உண்மையில் பறிக்கப்பட்ட ஒரு தாய்லாந்து மீன்படகு. உள்ளே பிணையாக இருந்த மீனவர்களில் ஒருவர் மட்டும் பல நாள் கழித்து உயிரோடு கிடைத்தார். 2012 மே மாதம் ஐரோப்பிய ஹெலிகாப்டர்கள் ஹரார்தேரே அருகே கரையிலேயே படகுகளைச் சுட்டழித்தன. 2011-ல் 237-ஆக இருந்த தாக்குதல்கள் 2012-ல் 75-ஆகவும் 2013-ல் 15-ஆகவும் குறைந்தன. போர்க்கப்பல்கள், கப்பல்களில் ஏறிய ஆயுதக் காவலர்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. அதில் பெருமளவு உண்மை இருக்கிறது. ஏய்ல் ஊர்ப் பெரியவர்களின் பங்கு இந்தக் கணக்கில் அபூர்வமாகவே வருகிறது.

நூருத்தீன் ஃபாராவின் 2011-ல் வந்த ‘கிராஸ்போன்ஸ்’ நாவல் கடற்கொள்ளையையும் எத்தியோப்பியப் படையெடுப்பையும் ஒரே கதைக்குள் வைக்கிறது. வைத்தவர் தன் நாட்டைப் பிரிந்து பல வருஷம் வெளியே வாழ நேர்ந்த சோமாலியர். மீனைத் திருடியவன்மேல் கோபம், கொள்ளையன்மேல் அருவருப்பு, மீட்க வருகிறவன்மேல் பயம் - மூன்றும் ஒரே மனசில் ஒரே சமயத்தில் இருக்க முடியும். இருந்தது. ஆதரிக்கிறாயா, கண்டிக்கிறாயா என்று கேட்டவர்கள் ஒன்றைத்தான் எதிர்பார்த்தார்கள். நானும் அவர்களில் ஒருவன். எனக்குப் பிடித்த பதிலை அவர்கள் வாயில் வைத்தேன் என்பதுதான் வித்தியாசம்.

இந்தச் சொல் நம் பக்கத்துக் கரைக்கும் வந்தது. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலில், கொள்ளையர் என்று நினைத்ததாகச் சொல்லி, ஓர் இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்த கடற்படையினர் மீன்படகு ஒன்றைச் சுட்டார்கள். செத்த இருவரில் ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் கன்னியாகுமரி மாவட்டத்தவர். அன்று அந்தப் பெயரைச் சூட்ட ஒரு துப்பாக்கியும் கொஞ்சம் தூரமும் போதுமாயிருந்தன.

சோமாலியக் கடலில் நுழையும் அந்த ஐ.நா. அனுமதி 2022 மார்ச்சில் காலாவதியாயிற்று. 2023 கடைசியில் கப்பல்கள் மறுபடி பிடிபட்டன. 2024 மார்ச்சில் ‘ரூயன்’ கப்பலை மீட்ட இந்தியக் கடற்படை 35 பேரை பம்பாய்க்குக் கொண்டுவந்தது. செய்தியைப் படித்த அன்று, பழைய நண்பர் ஒருவர் அபிப்பிராயம் கேட்டார். கேராட், ஏய்ல் ஊர்களில் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு சொல்கிறேன் என்றேன். நழுவுகிறேன் என்று அவர் நினைத்திருக்கக்கூடும்.