மைக்ரோகண்ட்ரோலர் வழுநீக்கத்தில் நிரல் மந்தமாதல்

வழுநீக்கும் கருவியான டீபக்கருடன் இணைத்துச் சோதிக்கும்போது, மைக்ரோகண்ட்ரோலரில் உள்ள நிரல் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு மெதுவாக ஓடுவதுண்டு. சிப்பே மெதுவாக ஓடலாம். அல்லது சோதிக்கும் கருவி அதை அடிக்கடி நிறுத்திக்கொண்டிருக்கலாம். முதலில் டீபக்கரைக் கழற்றி, மின்சாரத்தை அணைத்து மீண்டும் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். மந்தம் நீங்கினால் கருவியையும், நீடித்தால் கடிகாரத்தையும் கம்பைலரையும் ஆராய வேண்டும். இந்தப் பழுதறிதல் தொழிலின் அடிப்படைப் பாடம்.

கடிகாரம்

ஏடிமெகா328பி சிப்பு ஆலையிலிருந்து வரும்போது, அதன் உள் 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் எட்டால் வகுக்கப்பட்டு 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். வெளியே 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் பொருத்தினாலும், சிப்பின் அமைப்புப் பிட்களான ஃபியூஸ்களை மாற்றும்வரை சிப்பு அதைப் பயன்படுத்தாது. நிரலில் 16 மெகாஹெர்ட்ஸ் என்று குறித்திருந்தால், அரை விநாடிக்கு ஒருமுறை மாற வேண்டிய எல்.இ.டி. 8 விநாடிக்கு ஒருமுறை மாறும். இந்தப் பதினாறு மடங்கே காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். எஸ்டிஎம்32எஃப்103 சிப்பும் ரீசெட்டுக்குப் பின் 8 மெகாஹெர்ட்ஸில்தான் தொடங்கும். 72 மெகாஹெர்ட்ஸை எட்ட நிரலே கடிகார வேகத்தைப் பெருக்கும் பி.எல்.எல். அமைப்பை இயக்க வேண்டும்.

கம்பைலர்

டீபக் அமைப்பில் கம்பைலரின் மேம்படுத்தல் பெரும்பாலும் அணைக்கப்பட்டிருக்கும். அப்போது ஒவ்வொரு மாறியும் நினைவகத்துக்குச் சென்று திரும்புவதால் கட்டளைகள் பெருகும். ஏடிமெகா328பி சேர்ந்த ஏ.வி.ஆர். குடும்பத்துக்கான நூலகத்தின் தாமதச் சார்புகள், மேம்படுத்தல் இல்லாவிட்டால் சரியான நேரத்தையே தருவதில்லை. ஜி.சி.சி. கம்பைலரில் வழுநீக்கத்துக்கென்றே உள்ள ‘ஓஜி’ நிலை இதற்கு ஏற்றது.

கருவியால் வரும் தாமதம்

நிபந்தனையுள்ள பிரேக்பாயிண்ட் பொதுவாக ஒவ்வொரு முறையும் சிப்பை நிறுத்தும். நிபந்தனையைக் கணினி சரிபார்த்த பிறகே மறுபடி ஓடவிடும். ஆயிரம் முறை சுழலும் லூப்பில் வைத்தால் ஆயிரம் நிறுத்தங்கள். ஒரு மாறியைக் கண்காணிக்கும் வாட்ச்பாயிண்டுக்கு வன்பொருள் இடம் போதாதபோது, ஜி.டி.பி. என்னும் டீபக்கர் மென்பொருள் நிரலை ஒவ்வோர் அடியாக நடத்தும். வேகம் நூற்றுக்கணக்கான மடங்கு குறையும்.

சிப்பின் வெளியீட்டை டீபக்கர் மூலம் கணினிக்கு அனுப்பும் செமிஹோஸ்டிங் வழியாக அச்சிடுவதும் அப்படித்தான். ஒவ்வோர் அச்சு அழைப்பிலும் சிப்பின் செயலி மையம் நின்று, கணினியின் பதிலுக்குக் காத்திருக்கும். சீரியல் வழியில் 9600 பாடில் ஓர் எழுத்துக்கு 10 பிட் வீதம் விநாடிக்கு 960 எழுத்துகளே செல்லும். 40 எழுத்து வரி ஒன்றுக்கு ஏறத்தாழ 42 மில்லிவிநாடி ஆகும். 115200 பாடில் அது 3.5 மில்லிவிநாடியாகக் குறையும்.

அளக்கும் முறை

சந்தேகத்துக்குரிய பகுதியின் தொடக்கத்தில் ஒரு பின்னை உயர்த்தி, முடிவில் தாழ்த்தி, அந்தத் துடிப்பின் அகலத்தை ஆசிலோஸ்கோப்பில் அளக்கலாம். டீபக்கரைக் கழற்றிய பிறகும் இந்த அளவு கிடைக்கும் என்பதே இதன் சிறப்பு. கார்டெக்ஸ் எம்3 மையத்தில் உள்ள சுழற்சி எண்ணியும், ரிஸ்க்-ஃபைவ் மையங்களின் ‘எம்சைக்கிள்’ பதிவகமும் இதே வேலையை மென்பொருளுக்குள் செய்கின்றன.

சக்தி மையங்கள்

சென்னை ஐ.ஐ.டி.யில் வி. காமகோடி தலைமையில் உருவான சக்தி, ரிஸ்க்-ஃபைவ் அடிப்படையிலான திறந்த மூல வடிவமைப்பு. 2018-இல் ரைஸ்கிரீக் சிப்பு இன்டெலின் 22 நானோமீட்டர் முறையிலும், ரிமோ சண்டிகர் எஸ்.சி.எல். ஆலையின் 180 நானோமீட்டர் முறையிலும் வார்க்கப்பட்டன. மைக்ரோகண்ட்ரோலர் பணிக்கான ‘இ’ வகுப்பு மையத்தை மறுநிரலாக்கக்கூடிய எஃப்.பி.ஜி.ஏ. சிப்பு உள்ள போர்டில் ஏற்றி, ஓப்பன்ஓசிடி, ஜி.டி.பி. ஆகிய வழுநீக்க மென்பொருள்களைக் கொண்டு சோதிக்கலாம். எஃப்.பி.ஜி.ஏ.வில் கடிகார வேகம் குறைவாகவே இருக்கும் என்பதால், நேரத்தைவிடச் சுழற்சி எண்ணிக்கையை ஒப்பிடுவதே சரி. வடிவமைப்பு திறந்திருப்பதால், அந்தச் சுழற்சிகள் மையத்துக்குள் எங்கே செலவாகின்றன என்பதையும் மாணவர் நேரில் காண முடியும்.