நகரத்துக் கண்ணும் கிராமத்துக் கண்ணும்

சென்னை நகரில் 40 வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகளில் 18 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருக்கிறது என்று சங்கர நேத்ராலயாவின் ஆய்வு 2009இல் சொன்னது. அதே குழு காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் அதே வயதினரைப் பரிசோதித்து 2014இல் வெளியிட்ட கணக்கு 10.3 சதவீதம். நம் சிறுசேரியும் அப்போது காஞ்சிபுரம் மாவட்டம்தான். செங்கல்பட்டோடு சேர்ந்தது 2019இல். சிப்காட் ஐ.டி. பூங்காவும் அடுக்குமாடிகளும் வந்துவிட்ட இந்த ஊரை எந்தக் கணக்கில் எழுதுவது?

எண்களைப் பார்த்தால் கிராமம் தப்பித்தது போலத் தெரியும். காரணங்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. சர்க்கரை வந்து 15 ஆண்டு கடந்தவர்களுக்குக் கண் பாதிக்கும் வாய்ப்பு இரண்டு இடத்திலும் சுமார் ஆறு மடங்கு. ஆண்களுக்குக் கூடுதல், கட்டுக்குள் வராத சர்க்கரை, மேல் அளவு ஏறிய ரத்த அழுத்தம் என்று மற்றவையும் அப்படியே ஒத்துப்போகின்றன.

இன்சுலின் போடுபவர்களுக்கு இரண்டு ஆய்விலும் சுமார் மூன்றரை மடங்கு. இதைக் கேட்டதும், "பாத்தியா, ஊசி போட்டா கண்ணு போயிடும்னு சொன்னேன்ல" என்பவர்கள் நம் பக்கம் நிறைய. மாத்திரைக்கு அடங்காமல், பல வருடம் முற்றிய பிறகுதான் இங்கே பெரும்பாலானோர் ஊசிக்கு வருகிறார்கள். கண்ணைக் கெடுத்தது அந்த வருடங்கள். பழி ஊசி மேல் விழுகிறது.

வருடக் கணக்கின் வலு 2005இல் வெளியான இன்னொரு சென்னை ஆய்விலும் தெரியும். அதை நடத்திய மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் ஆய்வகம் இருப்பது இதே சிறுசேரியில். முன்பே சர்க்கரை இருந்தவர்களில் 20.8 சதவீதம் பேருக்குக் கண் பாதிப்பு. அந்த ஆய்வில்தான் சர்க்கரை இருப்பதே தெரியவந்தவர்களில் 5.1. 'இப்பதானே சுகர் வந்திருக்கு' என்று கண் டாக்டரைத் தள்ளிப்போட முடியாது என்பதற்கு நூற்றில் அந்த ஐந்து பேரே சாட்சி. பார்வை மங்காமலேயே விழித்திரையில் சிவப்புப் புள்ளிகள் வந்துவிடும். அதைப் பார்க்கப் பெரும்பாலும் சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரிக்க வேண்டும். பிறகு சில மணி நேரம் வெயில் கூசும், போன் எழுத்து கலங்கும், வண்டி ஓட்டக் கூடாது. அரைநாள் போய்விடும். கூலிக்காரருக்கும் சரி, ஷிஃப்ட் வேலைக்காரருக்கும் சரி, அந்த அரைநாள்தான் கிடைப்பதில்லை.

அந்த அறக்கட்டளையே சூணாம்பேடு வட்டாரத்தின் 42 கிராமங்களுக்கு வேனைக் கொண்டுபோனது. உள்ளேயே விழித்திரையைப் படமெடுத்து, செயற்கைக்கோள் வழியாகச் சென்னைக்கு அனுப்பினார்கள். பரிசோதித்த ஆயிரம் சர்க்கரை நோயாளிகளில் 18.2 சதவீதம் பேருக்குப் பாதிப்பு. சென்னையின் எண், கிராமத்திலேயே! தேர்ந்தெடுத்த முறையும் வயதும் வேறு என்பதால் 10.3ஐப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கிராமத்துக் காற்று கண்ணைக் காக்கிறது என்ற நம்பிக்கைக்கு இனி இடமில்லை.

நேத்ராலயாவின் இரண்டு ஆய்வும் 40க்குக் கீழே இறங்கவில்லை. சிறுசேரி அலுவலகங்களில் ரத்தப் பரிசோதனை முகாம் நடந்தால் வரிசையில் நிற்பவர்களில் பலர் அந்த வயதுக்குக் கீழே. 50இல் சர்க்கரை வந்த விவசாயிக்கு 15 ஆண்டு முடியும்போது வயது 65. 32இல் வந்த மென்பொருள்காரருக்கு 47. வீட்டுக்கடன் தவணை அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.