ஈயம், எத்தனால், ஒரு ஓட்டை டாங்க்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. கொசுவத்தி பாதி, சரித்திரம் பாதி. புல்லட்னாலே பிடிக்காதவங்க நேரா ஈயம் பத்தின பகுதிக்குப் போயிடலாம். அங்கே ஒரு வில்லன் காத்துக்கிட்டு இருக்கான்.

ஒரு சனிக்கிழமை காலை. வாரம் பூரா ஆணி புடுங்கின களைப்புல தூங்கிட்டிருந்தவனை அம்மா எழுப்பினாங்க. "டேய், வாசல்ல ஒரே பெட்ரோல் நாத்தம். நான் அடுப்பு பத்த வைக்கவா வேணாமா?" ஓடிப் போய்ப் பார்த்தா பெரியப்பாவோட புல்லட்டுக்குக் கீழே சிமெண்ட் தரையில உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். டாங்கோட இடது பக்க அடி ஓரத்துல விரலை வெச்சா, சொட்டு. பத்து பன்னிரண்டு செகண்டுக்கு ஒண்ணு.

வண்டி 1984 மாடல், ஸ்டாண்டர்டு 350, கறுப்பு. பெரியப்பா 2022ல தவறினதுக்கு அப்புறம் பெரியம்மா சாவியை எங்கிட்ட கொடுத்து ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. "விக்கிறதுன்னா வித்துக்கோ. காயலாங்கடையில மட்டும் போட்டுடாதேப்பா." நான் விக்கவும் இல்லை, ஒழுங்கா ஓட்டவும் இல்லை. அரை டாங்க் பெட்ரோலோட சைடு ஸ்டாண்டு போட்டு ரெண்டு வருஷத்துக்கு மேல நிறுத்தி வெச்சிருந்தேன். பொட்டி தட்டுறவனுக்கு வண்டி வெச்சா இதுதான் கதி.

தப்பு எங்கேன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. அரை டாங்க்னா மீதி அரை டாங்க் காத்து. சென்னைக் காத்து எப்படின்னு உங்களுக்கே தெரியும். பகல்ல சூட்டுல அந்தக் காத்து விரிஞ்சு மூடி வழியா வெளியே போகும், ராத்திரி குளிர்ந்ததும் ஈரக் காத்து உள்ளே வரும். ஈரம் தகட்டுல வேர்த்து தண்ணியாகும். தண்ணி பெட்ரோலைவிட கனம், அதனால அடியில போய் உட்காரும். சைடு ஸ்டாண்டுல வண்டி இடது பக்கம் சாஞ்சு நிக்குதா, மொத்தத் தண்ணியும் இடது பக்க அடிமூலைக்குத்தான் வரும். ரெண்டு வருஷம் ஒரே மூலையில தண்ணி நின்னா இரும்பு என்ன பண்ணும், பாவம்.

ஏரியா மெக்கானிக் ஒரு துண்டு பார் சோப்பை எடுத்து ஓட்டை மேல தேய்ச்சு அழுத்தினார். சொட்டு நின்னுடுச்சு! (தலைமுறை தலைமுறையா வர்ற வித்தை இது. சோப்பு பெட்ரோல்ல கரையாது.) "இது ரெண்டு நாள் தாங்கும் சார். அதுக்குள்ள புது டாங்க் வாங்கி மாட்டிடலாம். புதுப்பேட்டைல டூப்ளிகேட் கிடைக்கும்"னார். நியாயமான யோசனை. நானும் சரின்னுதான் இருந்தேன், அந்தப் பக்கம் போய் டாங்கோட தங்கக் கோட்டைப் பார்க்கிற வரைக்கும்.

புல்லட் டாங்கோட இந்தக் கோடு ஸ்டிக்கர் இல்லை மக்களே. திருவொற்றியூர் ஃபேக்டரியில ஸ்டென்சில் எதுவும் இல்லாம, தூரிகையைக் கையில பிடிச்சு ஒரே மூச்சுல இழுக்கிறது. எங்க வண்டியில இடது பக்கக் கோடு முட்டி படுற இடத்துல ஒரு மயிரிழை தடிச்சு அப்புறம் மெலியும். பெரியப்பா சின்ன வயசுல என்னை டாங்க் மேல உட்கார வெச்சு அதைக் காட்டுவார். "இங்க வரைஞ்சவருக்கு யாரோ டீ கொண்டாந்து நீட்டிருக்கான் பாரு." டூப்ளிகேட் டாங்குல அந்த டீ இருக்காதே.

சரி, இந்த டாங்க் எப்படி நம்ம ஊருக்கு வந்துச்சுன்னு பார்த்துடுவோம்.

இங்கிலாந்துல ரெட்டிச்னு ஒரு ஊர். ஊசிக்குப் பேர்போன ஊர். அதுக்குப் பக்கத்துல ஹண்ட் எண்டுல 1851ல ஜார்ஜ் டவுன்செண்ட் ஆரம்பிச்ச ஊசிக் கம்பெனிதான் மூலம். ஊசியில இருந்து சைக்கிளுக்குப் போனாங்க. அப்புறம் கை மாறி, என்ஃபீல்டுல இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செஞ்சு கொடுத்ததுல 'ராயல் என்ஃபீல்டு'ன்னு பேர் ஒட்டிக்கிச்சு. 1901ல முதல் மோட்டார் சைக்கிள். ஊசியில ஆரம்பிச்சு துப்பாக்கி வழியா புல்லட்டுக்கு வந்த கம்பெனி, பேரைப் பாருங்க :-)

அந்தக் காலத்து மோட்டார் சைக்கிளுக்கு இப்ப நாம பார்க்கிற மாதிரி டாங்க் கிடையாது. சைக்கிள் ஃப்ரேமுக்கு நடுவுல, மேல் குழாய்க்குக் கீழே, தட்டையா ஒரு தகரப் பெட்டி தொங்கும். ஓரமெல்லாம் ஈயம் வெச்சுப் பத்தினது. மண்ணெண்ணெய் டின்னுக்கு அண்ணன்னு வெச்சுக்கோங்களேன். குதிரை மேல சேணம் போட்ட மாதிரி குழாய்க்கு மேல உட்கார்ற டாங்கை ஹோவர்ட் டேவிஸ்ங்கிற ரேஸ்காரர் தன்னோட எச்.ஆர்.டி வண்டிகள்ல 1924ல காட்டினார். அடுத்த வருஷமே சொந்த வண்டியில சீனியர் டி.டி ரேஸ் ஜெயிச்சார். அதுக்கப்புறம் அஞ்சாறு வருஷத்துல எல்லாரும் அதுக்கு மாறிட்டாங்க. அழகாத்தான் இருக்கு. ஆனா சேணம்னா ரெண்டு பக்கமும் கீழே தொங்குமில்லையா, ரெண்டு பள்ளம். தண்ணி தேங்க வாகான இடம். எங்க ஓட்டைக்கு 1924லயே அஸ்திவாரம் போட்டாச்சு!

1952ல இந்திய ராணுவத்துக்கு வண்டி சப்ளை பண்ற ஆர்டர் மெட்ராஸ் மோட்டார்ஸுக்குக் கிடைச்சுது. 1955ல ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா. அடுத்த வருஷம் திருவொற்றியூர்ல ஃபேக்டரி. இங்கிலாந்துல இருந்து பெட்டி பெட்டியா பாகங்கள் கப்பல்ல வரும், இங்கே கோர்ப்பாங்க. அந்த முதல் வருஷம் கோர்த்தது மொத்தம் 163 வண்டி. மெல்ல மெல்ல பாகங்களையும் இங்கேயே செய்ய ஆரம்பிச்சாங்க. அங்கே என்னாச்சுன்னா, ரெட்டிச் ஃபேக்டரியை 1967ல மூடிட்டாங்க, 1970ல கம்பெனியே முடிஞ்சுது. 1977ல என்ஃபீல்டு இந்தியா பிரிட்டனுக்கே புல்லட்டை ஏற்றுமதி பண்ண ஆரம்பிச்சுது. இன்னிக்கும் பழைய புல்லட் வெச்சிருக்கிற வெள்ளைக்காரன் ஸ்பேர் பார்ட்ஸுக்கு நம்ம ஊர்ச் சரக்கைத்தான் தேடுறான். பாட்டி செத்துட்டா, பேத்தி கையில சமையல் இருக்கு.

இப்போ வில்லன்.

1984ல பெரியப்பா இந்த டாங்குல ஊத்தினது ஈயம் கலந்த பெட்ரோல். அதைக் கொண்டுவந்தவர் தாமஸ் மிட்ஜ்லி, ஜெனரல் மோட்டார்ஸ்ல வேலை பார்த்த அமெரிக்க இன்ஜினியர். இன்ஜின்ல பெட்ரோல் நேரங்கெட்ட நேரத்துல வெடிச்சு 'டங் டங்'னு தட்டும், அதை நிறுத்த என்ன கலக்கலாம்னு வருஷக் கணக்கா தேடினவர். 1921 டிசம்பர்ல டெட்ரா எத்தில் லெட் மாட்டிச்சு. 1923ல விற்பனைக்கு வந்துடுச்சு. 1924ல நியூஜெர்சியில அதைத் தயாரிச்ச இடத்துல தொழிலாளிகள் புத்தி பேதலிச்சு அஞ்சு பேர் செத்தாங்க. மிட்ஜ்லியே ஈய விஷம் ஏறி ஓய்வெடுத்துட்டு வந்த ஆள்தான், ஆனாலும் பத்திரிகைக்காரங்க முன்னாடி அதைக் கையில ஊத்திக் கழுவி, முகர்ந்து காட்டி, ஆபத்தே இல்லைன்னார்.

கொடுமை என்னன்னா, அதே 1921ல கொஞ்ச மாசம் முன்னாடி, இதே மிட்ஜ்லி 30 சதவீதம் ஆல்கஹால் கலந்த பெட்ரோல்ல ஒரு காரை ஓட்டிக்கிட்டு இன்ஜினியர்கள் மாநாட்டுக்குப் போனவர். ஆல்கஹாலும் அந்தத் தட்டலை நிறுத்தும்னு அவருக்கு நல்லாத் தெரியும். ஆனா சாராயத்துக்கு யார் காப்புரிமை வாங்க முடியும்? ஈயத்துக்கு வாங்கலாம். அவ்வளவுதான் மேட்டர். அதுக்கப்புறம் உலகம் பூரா முக்கால் நூற்றாண்டு ஈயப் புகையைச் சுவாசிச்சுது. இந்தியாவுல 1995ல நாலு பெருநகரங்கள்ல ஈயமில்லாத பெட்ரோல் வந்துச்சு, நாடு முழுக்க 2000 பிப்ரவரியில. கடைசியா அல்ஜீரியா 2021ல நிறுத்துச்சு. ஃப்ரிட்ஜ் வாயுவைக் கொண்டுவந்து ஓசோனைக் கெடுத்ததும் இதே மிட்ஜ்லிதான். போலியோவுல படுத்தவர், படுக்கையில இருந்து எழுந்துக்க தானே கயிறு கட்டி ஒரு சாதனம் செஞ்சு, 1944ல அதே கயிறு கழுத்தை இறுக்கிச் செத்துப் போனார். சினிமாவுல வெச்சா நம்ப மாட்டோம்.

நூறு வருஷம் கழிச்சு அந்த ஆல்கஹாலே திரும்பி வந்துடுச்சு. 2003ல சில மாநிலங்கள்ல 5 சதவீதம் எத்தனால்னு ஆரம்பிச்சு, 2022ல 10 சதவீதம், 2025ல 20 சதவீதம். புகைக்கு நல்லது, கரும்பு விவசாயிக்கும் நல்லது, நான் எதிரி இல்லை. ஆனா எத்தனாலுக்குத் தண்ணின்னா உயிர். காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். தண்ணி அளவு மீறினா எத்தனாலும் தண்ணியுமா பெட்ரோலை விட்டுப் பிரிஞ்சு அடியில தங்கும். அடி எதுன்னு மறுபடி சொல்லத் தேவையில்லை, அதே இடது மூலை. 1984ல வடிவமைச்ச டாங்குக்கும் ரப்பருக்கும் இப்படி ஒரு விருந்தாளி வருவான்னு யாருக்குத் தெரியும்?

இதனாலதான் மெக்கானிக் சொன்ன ரெண்டாவது யோசனையையும் நான் ஏத்துக்கலை. உள்ளே ஒரு கோட்டிங் ஊத்திச் சுழட்டினா ஓட்டை அடைஞ்சுடும்னார். பழைய ரகக் கோட்டிங் பலது எத்தனால்ல ஊறி உரிஞ்சு, தோல் தோலா வந்து கார்ப்பரேட்டரை அடைச்சுக்கும்.

ஆக, உலோகத்தை உலோகத்தாலதான் அடைக்கணும். அதுக்கு முன்னாடி துரு. மெக்கானிக்கல் படிச்சவன்னு நாலு பேர்கிட்ட சொல்லிக்க ஒரு சந்தர்ப்பம். வாஷிங் சோடா கரைச்ச தண்ணியை டாங்க் நிறைய ஊத்தி, பேட்டரி சார்ஜரோட மைனஸை டாங்குலயும், பிளஸ்ஸை உள்ளே தகடு படாம தொங்கவிட்ட இரும்புக் கம்பியிலயும் மாட்டினேன். துரு கழண்டு சேறா மிதக்கும். மொட்டை மாடியிலதான் செய்யணும், ஹைட்ரஜன் வாயு வரும். கம்பி எவர்சில்வரா இருக்கக் கூடாது, அதுல இருந்து குரோமிய விஷம் இறங்கும். ரெண்டு நாள் ஆச்சு. சேத்தைக் கொட்டிட்டு வெயில்ல பார்த்தா உள்ளே சாம்பல் நிறத்துல சுத்தமான இரும்பு. பெருமையா இருந்துச்சு. தண்ணி ஊத்திப் பார்த்தா ஒரு ஓட்டை இருந்த இடத்துல அஞ்சு! இத்தனை நாளா மீதி நாலையும் துருவே அடைச்சு வெச்சிருந்திருக்கு.

ராயபுரத்துல ஒரு பெரியவர்கிட்ட போனேன். எழுபதைத் தாண்டின வயசு. டாங்கைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். "பெட்ரோல் ரொம்பி இருக்கிற டாங்கு கூட பரவால்ல தம்பி. காலி டாங்குதான் எமன்." நிஜம்தான். காத்துல ஒண்ணரையில இருந்து ஏழு சதவீதம் வரைக்கும் பெட்ரோல் ஆவி இருந்தாலே ஒரு பொறி போதும். காலின்னு நினைச்சு வெல்டிங் வெச்சு உயிரை விட்டவங்க உண்டு. நான் சோடாத் தண்ணியில ரெண்டு நாள் ஊறப் போட்டதைச் சொல்லியும் அவர் கேக்கலை. வெந்நீர், சோப்புத்தூள், மறுபடி வெந்நீர். அப்புறம் டாங்கைக் கவிழ்த்து, ஓட்டைக்கு ஒரு விரல் கீழே வரைக்கும் தண்ணி நிரப்பினார். ஆவிக்கு உள்ளே இடமே கிடையாது.

"பித்தளை வெச்சு கேஸ் வெல்டிங் பண்ணலாம். உறுதி. ஆனா பெயிண்டு இது வரைக்கும் எரியும்" என்று விரலால ஒரு வட்டம் போட்டார். வட்டம் தங்கக் கோட்டைத் தாண்டி மேலே போச்சு. நான் ஒண்ணும் பேசலை. என் மூஞ்சியைப் பார்த்தவர், "ஈயத்துலயே பாத்துடுவோம்"னார். பித்தளை உருக 900 டிகிரி வேணும், ஈயமும் வெள்ளீயமும் கலந்த பத்து 200 டிகிரிக்குள்ள இளகிடும். அடிப்பக்கப் பெயிண்டு மட்டும்தான் போகும். தையல் ஓரம் பிளந்திருந்தா ஈயம் நிக்காது, புல்லட்டோட உதறலுக்கு விட்டுடும். ஊசி ஓட்டைக்குப் போதும்.

தகடு பளிச்னு ஆகிற வரைக்கும் சுரண்டினார். ஒரு ரூபாய்க் காசு அளவுல ஆரம்பிச்சது, நல்ல இரும்பு வர்றதுக்குள்ள குழந்தை உள்ளங்கை அளவுக்குப் போயிடுச்சு. துத்தநாகத்தைப் போட்டு அடக்கின ஆசிட்டைத் தடவினார். அடுப்புல காய்ச்சின செம்புக் கட்டையால முதல்ல தகடு மேல ஈயப் பூச்சு, நம்ம வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுற மாதிரி. அதுக்கு மேல தகரத்துண்டு, சுத்தி மறுபடி ஈயம். நெருப்பு மட்டும் டாங்க் பக்கத்துலயே வரலை, அது தெருவோட அந்த ஓரத்துல. முடிச்சதும் சைக்கிள் பம்ப்பால லேசாக் காத்தடிச்சு தொட்டித் தண்ணியில முக்கினார். குமிழி வரலை.

பெட்ரோல்ல இருந்து 2000த்துல விரட்டின ஈயம், டாங்குக்கே ஒட்டுப் போட வந்து நிக்குது. மிட்ஜ்லி பார்த்திருந்தா சிரிச்சிருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் காயவெச்சு, மறுபடி துரு பிடிக்கிறதுக்குள்ள கொஞ்சம் எண்ணெய் கலந்த பெட்ரோலை ஊத்திக் குலுக்கிக் கொட்டிட்டு, மூடி வரைக்கும் நிரப்பினேன். சென்டர் ஸ்டாண்டு போட்டு, அடியில பழைய நியூஸ்பேப்பர் விரிச்சுட்டுப் படுத்தேன். ராத்திரி மூணு தடவை எழுந்து டார்ச் அடிச்சுப் பார்த்தேன்னு சொன்னா சிரிக்காதீங்க.

காலையில பேப்பர் காஞ்சு கிடந்துச்சு. அம்மா அதை மடிச்சு எடுத்துட்டு, "பெரியம்மாவை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போயேன்டா"ன்னாங்க. பெரியம்மா சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு ஏறி உட்கார்ந்தாங்க. உட்கார்ந்ததும் என் தோளுக்கு மேல எட்டி டாங்கோட இடது பக்கம்தான் பார்த்தாங்க.

"டீக்காரன் இருக்கானா?"

"இருக்கான் பெரியம்மா."