நிலத்தின் கீழ் ஒரு நெடும்பாதை

நகரங்கள் வளரும் வேகத்திற்கு அவற்றின் வீதிகள் வளர்வதில்லை. இவ்வுண்மையைக் கசப்புடன் உணர்ந்த நகரம் கல்கத்தா. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின் பின்னர், கிழக்கு வங்காளத்திலிருந்து இலட்சக்கணக்கான அகதிகள் அங்கே வந்து குவிந்தனர். மேற்கே ஹூக்ளி நதி, கிழக்கே சதுப்பு நிலம். வீதிகளை அகலிக்கவோ இடமில்லை. ஆகவே, நிலத்தின் கீழே புகையிரதம் ஓடவேண்டுமென்ற எண்ணம் முதலமைச்சர் விதான் சந்திர ராயின் காலத்திலேயே உதித்தது.

எண்ணம் செயலாவதற்கு நீண்ட காலம் சென்றது. 1972 டிசெம்பர் 29ஆந் திகதி இந்திரா காந்தி அம்மையார் அடிக்கல் நாட்டினார். வீதியை மேலிருந்து வெட்டி, அகழியுள் சுரங்கத்தைக் கட்டி, மீண்டும் மண்ணிட்டு மூடுவதே பெரும்பாலும் கையாளப்பட்ட முறையாகும். மென்மையான களிமண் நிலம், இடையே குறுக்கிட்ட நீர்க்குழாய்களும் கழிவுநீர்க் கால்வாய்களும், பணத் தட்டுப்பாடு, நீதிமன்றத் தடைகள் ஆகியன வேலையைத் தாமதப்படுத்தின. ஆண்டுக்கணக்காக மக்கள் அகழியோரமாகவே நடந்தனர். 1984 அக்டோபர் 24ஆந் திகதி, எஸ்பிளனேட் முதல் பவானிபூர் வரை 3.4 கிலோமீற்றர் தூரத்திற்கு இந்தியாவின் முதலாவது நிலக்கீழ்ப் புகையிரதம் ஓடிற்று. டம்டம் முதல் டாலிகஞ்ச் வரையான முழுப்பாதையும் நிறைவுறுவதற்கு 1995ஆம் ஆண்டாயிற்று.

இத்திட்டத்தின் ஆரம்ப நாட்களில் பணியாற்றிய பொறியியலாளர்களுள் ஒருவர் ஈ. ஸ்ரீதரன். 1964ஆம் ஆண்டுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது சிதைந்த பாம்பன் பாலத்தை, ஆறு மாத அவகாசம் இருந்தும் 46 நாட்களிற் சீராக்கியவர் இவரே. பின்னர் டில்லிப் பணி இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கே மத்திய அரசும் டில்லி அரசும் சமபங்காளராகத் தனி நிறுவனமொன்றை 1995இல் அமைத்திருந்தன. யப்பான் கடனுதவி வழங்கிற்று. தீர்மானம் செய்யும் அதிகாரம் வேலைத்தலத்திற்கு அருகிலேயே இருந்தது. 2002 டிசெம்பரில் முதற்பகுதி திறக்கப்பட்டது. ஏறக்குறைய 65 கிலோமீற்றர் கொண்ட முதற்கட்டம் குறித்த காலத்திற்கு முன்னரே முடிவுற்றது.

கல்கத்தாவிற் குறைவாயிருந்தது அறிவன்று. பணமும் பொருளும் அனுமதியும் உரிய வேளையில் ஒருங்கே வந்து சேராமையே குறை. எனினும், வழி திறந்த பெருமை அந்நகருக்கே உரியது. இன்று கொல்கத்தா என வழங்கும் அதே நகரில், 2024ஆம் ஆண்டு முதல் ஹூக்ளி நதியின் அடியிலேயே புகையிரதம் ஓடுகின்றது. அகழியோரம் நடந்த தலைமுறையின் பொறுமை வீண்போகவில்லை.