பனியன் யாருடைய பெயர்?

எங்கள் வேலம்பாளையத்தில் பனியன் என்றால் உள்ளாடை மட்டுமல்ல. டீ-ஷர்ட், நைட் பேன்ட், குழந்தைகளின் ஜட்டி, எதைத் தைத்தாலும் அது பனியன் கம்பெனிதான். ஒரு பனியன்கூடத் தைக்காத ஏற்றுமதிக் கம்பெனிக்கும் அதே பெயர். “எங்கீங்க வேலை?” “பனியன் கம்பெனிலீங்க.” அத்தோடு பேச்சு முடிந்தது. காரணம், இங்கே பனியன் என்பது உடுப்பின் பெயரல்ல, துணியின் பெயர். ஊடும் பாவுமாகத் தறியில் ஓடினால் அது வேற துணி. ஊசிகள் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பின்னி, இழுத்தால் நீள்வது பனியன் துணி. ஆர்டர் தாளில் அதையே ‘சிங்கிள் ஜெர்சி’ என்று எழுதுவார்கள்.

ஜெர்சி ஒரு தீவின் பெயர். காலிகோ நம்ம கோழிக்கோடு. ஊர்ப்பெயர் துணிக்கு வருவது சகஜம். ஆனால் பனியனுக்குள் ஊரும் இல்லை, நூலும் இல்லை. ஒரு வியாபாரி உட்கார்ந்திருக்கிறார்.

வணிகரைக் குறிக்கும் குஜராத்திச் சொல் ‘வாணியோ’. அரபிக்கடல் துறைமுகங்களில் அவர்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த போர்ச்சுக்கீசியர் வாயில் அது ‘பனியான்’ ஆனது. மணிமேகலை எழுதிய கூலவாணிகன் சாத்தனாரின் பெயரில் இருக்கிற வாணிகனும் இதற்குப் பங்காளிதான். பாரசீகக் கரையில், பந்தர் அப்பாஸ் பக்கம், இந்த வணிகர்கள் கூடிய ஆலமரத்தை ஐரோப்பியர்கள் பனியன் மரம் என்றார்கள். ஆங்கிலத்தில் ஆலமரம் ‘பான்யன்’ ஆன கதை அது.

அப்புறம் அங்கி. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் கனவான்கள் வீட்டில் போட்டுக்கொண்ட கீழைநாட்டு பாணித் தொளதொள அங்கிக்கும் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. லண்டனில் சாமுவேல் பெப்பீஸ் 1666-இல் தன்னை ஓவியமாக வரைய, ஓர் ‘இந்திய அங்கி’யை வாடகைக்கு எடுத்தார். ஸ்டுடியோ கோட்டை மாட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்ற நம் தாத்தாக்களுக்கு அவர் முன்னோடி!

இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர்களிடம் அங்கி சுருங்கி உள்சட்டையானது. 1886-இல் வந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, முதலில் மஸ்லினில் தைத்த இந்த உள்சட்டைப் பெயர் இப்போது நீண்டு கொடுக்கிற பின்னல் துணிக்குப் போய்விட்டது என்று குறிக்கிறது. திருப்பூர் பிடித்துக்கொண்டது இந்தக் கடைசி அர்த்தத்தைத்தான்.

இவ்வளவு தூரப் பயணத்திலும் பெயர் விற்றவனுடையதாகவே இருந்தது. நெய்தவனோ பின்னியவனோ அதில் இல்லை. திருப்பூரில்தான் அது கை மாறியது. 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தவர்களுக்குப் பெயர் பனியன் தொழிலாளர்கள். இன்றைக்கும் ஓவர்லாக் ஓட்டுகிறவரும், கைமடிக்கிறவரும், செக்கிங் பார்க்கிற அக்காவும் அந்தப் பெயரில்தான் கூலி உயர்வு கேட்கிறார்கள். முதலாளி தன் விசிட்டிங் கார்டில் ‘எக்ஸ்போர்ட்டர்’ என்று போட்டுக்கொள்கிறார்.

வெட்டி மிஞ்சிய துண்டுகள் மூட்டையாகி லேத் பட்டறைகளுக்குப் போகின்றன, கிரீஸ் துடைக்க. அங்கே அதற்குப் பெயர் பனியன் வேஸ்ட்.