60 வினாடியில் ரீஸ்டார்ட்

எங்க வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி நடந்த கதை இது. 2003 ஆகஸ்ட் 11-ல் பிளாஸ்டர்னு ஒரு வார்ம் கிளம்பிச்சு. நெட் கனெக்ட் பண்ணின விண்டோஸ் எக்ஸ்பி மெஷின்கள் 60 வினாடி கவுண்ட்டவுன் காட்டிட்டு, தானா ரீஸ்டார்ட் ஆச்சு. ராமைக் கழட்டி மாட்டினாலும் பலன் இல்லை.

வேடிக்கை என்னன்னா, ரீஸ்டார்ட் பண்றது அந்த வார்மோட நோக்கமே இல்லை! எதிரில் இருப்பது எக்ஸ்பியா, விண்டோஸ் 2000-ஆ என்று குத்துமதிப்பாகத்தான் தாக்கும். கணிப்பு தப்பினா ஆர்பிசி சர்வீஸ் செத்துடும்; அது இல்லாம எக்ஸ்பி ஓடாது, உடனே ரீஸ்டார்ட். ஒழுங்கா கோட் எழுதியிருந்தா சத்தமில்லாம உள்ளே உக்காந்திருக்கும். (நம்ம பொழப்பே பக் திருத்துறதுதான், ஆனா இந்த பக் வாழ்க!)

இத்தனைக்கும் ஓட்டையை அடைக்கிற பேட்சை மைக்ரோசாஃப்ட் ஜூலை 16-லேயே வெளியிட்டாச்சு. 26 நாள் இருந்தும் பலபேர் போடலை.